ஒரு பூட்டை நம்பினேன்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். அப்பாவின் முழங்காலை மட்டும் இந்த வாக்கியத்தில் சேர்க்க முடியாது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் தம்பி புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் மேலாளருக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டான், உன் அத்தை அதைக் கேட்டு "நம்ம ரத்தமாச்சே" என்று பூரித்துப்போகிறாள். போன வாரம் தொலைபேசியில் என் குரல் சரியில்லை என்றாய், சளி என்றேன். சளி இல்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும் என்று ஒத்திப்போட்டேன்.

நம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மரக்கடையை ஒட்டி ஒரு சந்து இருக்கிறதே, இரண்டு மாதத்துக்கு முன் அங்கே வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் ஊழியர் வந்தார். நடுப்பகல். எனக்கு அன்று காலை வகுப்பு மட்டும், வீட்டில் இருந்தேன். ஏழு வீடும் பூட்டியிருக்கிறது, யாரும் குடியில்லை போலிருக்கிறது, "நீங்க படிச்சவங்க மேடம், பக்கத்துலயே இருக்கீங்க, சாட்சிக்கு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா முடிஞ்சுரும்" என்றார். மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பூட்டு. இறங்கி வந்து போட்டுக்கொடுத்தேன். சாமியாரையும் நம்பாதவள், செய்தித்தாளையும் நம்பாதவள், ஒரு பூட்டை நம்பினேன். வேலைநாள் நடுப்பகலில் உழைக்கிறவர்களின் வீடு பூட்டித்தான் கிடக்கும் என்று இத்தனை வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தில் குடியிருந்து முக்கில் வெல்டிங் பட்டறை நடத்துகிற பெண் வந்தாள். தெருவே அவளைத் தீப்பொறி என்றுதான் கூப்பிடும். கையில் பட்டியலின் நகல். பதினான்கு பெயருக்கு எதிரே 'வசிக்கவில்லை', கீழே சாட்சியாக என் பெயர். அவள் சத்தம் போடவில்லை. "டீச்சரம்மா, போன வருசம் உங்க கேட்டுக்கு வெல்டிங் வெச்சது நான்தானே? ஊர்லயே இல்லாதவ எப்படி வந்து வெச்சேன்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க கண்ணுக்கு நாங்க தெரியலன்னா போகுது, பட்டியல்லயாவது தெரியணும்ல?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். "அத வெச்சு ஓட்டு போட முடியாதே" என்றாள். தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

மறுநாளே தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நல்ல மனிதர்தான், அதுதான் சங்கடம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வாடகைப் பத்திரம் கொண்டுவந்தால் பெயரைச் சேர்த்துவிடலாம், நீங்கள் இதில் வரவே வேண்டாம் என்றார். அந்தச் சந்தில் யாரிடம் பத்திரம் இருக்கிறது, எல்லாம் வாய்ப்பேச்சு வாடகை. இன்னொரு வழி, நேரில் பார்க்காமல் சாட்சி சொன்னேன் என்று நானே எழுதிக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் பதினான்கு பேரையும் ஒன்றாக விசாரித்துச் சேர்க்கலாம், ஆனால் நான் அரசுக் கல்லூரி ஆசிரியை என்பதால் ஒரு பிரதி கல்லூரிக்குப் போகும். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருக்கும் நேரம் என்பது உனக்குத் தெரியும். அப்பா, "உண்மையைச் சொல்லு, வேணாங்கல. எழுதிக் குடுக்காதே" என்றார். ஒரு ராத்திரி யோசித்தேன் என்று சொன்னால் பொய், மூன்று நாள் யோசித்தேன். அவமானமாக இருந்தது. நாலாம் நாள் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணைக்கு முன் ஏழு வீட்டுக்கும் போனேன். நம் மாடிப்படியிலிருந்து நாற்பது தப்படி இருக்காது, இங்கே குடிவந்த பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஒரு வீட்டில் தையல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி எனக்கு உட்கார இடம் செய்தார்கள், இன்னொரு வீட்டில் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசினார்கள், அதுவும் நியாயம்தான். விசாரணையில் அதிகாரி பெயர் பெயராகப் படிக்க, ஒவ்வொருவரும் எழுந்து "இருக்கேன்" என்றார்கள். காது மந்தமாகி லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட பெரியவரைத் தீப்பொறி முழங்கையால் இடித்து, "யோவ், இருக்கியான்னு கேக்குறாங்க, சொல்லித் தொலை" என்றாள், அறையே சிரித்தது. இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். அன்றைக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியும் என்றேன். பதினான்கு பெயரும் ஏறிவிட்டன. கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. நடந்தது உண்மை என்று ஒரு வரியில் பதில் கொடுத்தேன். பதவி வராது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மனதில் நிற்பது அந்த வருத்தம் இல்லை. தீப்பொறி தெருமுனையில் நின்று என் மானத்தை வாங்கியிருக்கலாம், நியாயம் அவள் பக்கம் இருந்தது. கதவைத் தட்டினாள். நான் கெடுத்ததை நானே சரிசெய்யும்படி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உரிமை என்றால் நீதிமன்றமும் அரசாங்கமும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன், என் பேனாவும் அதில் சேர்த்தி என்று காட்டியவள் அவள்தான். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, நீயே பலமுறை குறைபட்டிருக்கிறாய். நேற்று பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அது கெடக்கட்டும் டீச்சரம்மா, குட்டைக்கரைப் பக்கம் ஒன்பது பேரப் பட்டியல்ல காணோமாம். நாளைக்குக் காலேசு முடிஞ்சு வர்றீங்களா?" என்றாள். மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நல்ல உடம்பும் நல்ல அக்கம்பக்கமும் உனக்கு வாய்க்கட்டும். வீடு மாறினாயே, அங்கே உன் முகவரியைப் பதிந்தாயா? பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்கள் என்றும் எழுது.

நிறைந்த அன்புடன்,
அம்மா