வெள்ளை என்று நினைத்த நீலம்

கொக்குவில்,
புரட்டாதிச் சனி.

அன்பு மகள் கோபிகாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் வேலையும் உன் தூக்கமும் ஒழுங்காக இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன், இங்கு என் உடம்புக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. இந்த இப்போது என்ற சொல்லை நீ இரண்டாம் தரம் வாசிப்பாய் என்று தெரியும், பயப்படாதே, கடைசிவரை வாசித்துவிட்டுப் பிறகு ரெலிபோன் எடு. வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். ஆயுசு முழுக்கத் தபால் கந்தோரில் மற்றவர்கள் கடிதத்துக்கு முத்திரை குத்தியவனுக்குத் தானும் ஒன்று எழுதிப் போட ஆசை இருக்கும்தானே. உண்மையான காரணம் வேறு, திரையில் உன் முகம் வந்தவுடன் நான் சிரிக்கத் தொடங்கிவிடுகிறேன், நீயும் சிரிக்கிறாய், சொல்ல வைத்திருந்தது சொல்லாமலே போய்விடுகிறது.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. மழை இன்னும் பிடிக்கவில்லை, கிணறு நன்றாக இறங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் பொழுதுபட்டால் விளக்கு எரிகிற வீடு எங்களுடையதும் செல்வநாயகி ரீச்சருடையதும் மூலை வீடும்தான், மற்றப் படலைகளில் பூட்டுத் தொங்குகிறது, மாதத்துக்கு ஒரு முறை யாரோ வந்து குப்பை கூட்டி எரித்துவிட்டுப் போகிறார்கள். ரீச்சர் வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போகும்போது மதிலுக்கு மேலால் எட்டி சுகமோ என்று கேட்பா, ஓம் என்பேன், அவ்வளவுதான். ரெயில் போகும்போது கண்ணாடி அலுமாரிக்குள் உன் பொம்மைகள் எல்லாம் நடுங்கும், பார்த்தால் படை புறப்படுவதுபோல இருக்கும். அந்தப் பொம்மைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அம்மாவின் முதல் வருச ஆட்டைத் திவசத்துக்கு வந்து திரும்பும்போது மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் ஏற்றியதில் சூட்கேஸ் நிறை கூடிப்போய், அந்தப் பிஸ்கற் தகரப் பேணியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "அப்பா, உதை ஒருத்தரும் தொடவேண்டாம், அடுத்தமுறை வரேக்கை எடுப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். வீட்டில் ஒருத்தரும் என்றால் நானும் பல்லிகளும்தான். பேணி துருப்பிடிக்கிறதோ என்று ஒருநாள் இறக்கித் திறந்து பார்த்தேன். உள்ளே பஞ்சுக்குள் சாம்பல் நிறப் பிளாஸ்ரிக்கில் விரல்நுனி அளவுப் பொம்மைகள், வாள் பிடித்த எலும்புக்கூடுகள் ஒரு கூட்டம், தடி ஊன்றிய சூனியக்காரி, கோடரி தூக்கிய ஒரு குள்ளன், பக்கத்தில் குட்டிக் குட்டிப் போத்தலில் பெயின்ற்றும் பிறஷும். இது என்ன பேய்பிசாசு விளையாட்டு என்று முதலில் மூடிவிட்டேன். ஆனால் குள்ளனுக்குத் தாடியில் ஒரு பாதிக்கு மட்டும் சிவப்பு அடித்து நீ விட்டிருந்தாய், அந்தப் பாதித் தாடி கண்ணுக்குள்ளேயே நின்றது. உனக்கு ரெலிபோன் எடுத்து மற்றப் பாதியை நான் அடிக்கட்டோ என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அம்மா போன பிறகு அப்படி நீ சிரித்து நான் கேட்கவில்லை.

அதன்பிறகு நீ படிப்பித்ததெல்லாம் மறக்கவில்லை. "முதல் கறுப்பு அடிச்சுக் காயவிடுங்கோ, பிறகு பெயின்ற்றைத் தண்ணியிலை கரையுங்கோ, பால் மாதிரி வரவேணும், பிறஷை வாயிலை வைக்காதேங்கோ" என்று திரைக்குள் இருந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். நீயும் உன் சிநேகிதர்களும் வெள்ளிக்கிழமைகளில் மேசையைச் சுற்றி இருந்து தாயக்கட்டை உருட்டி விளையாடுவது, யார் மந்திரவாதி, யார் கள்ளன், எந்தப் பாழடைந்த கோட்டைக்குள் உங்கள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் நீ சொல்லி நான் கேட்டேன், முழுக்க விளங்கியது என்று சொல்லமாட்டேன். அதற்கு முதல் நாங்கள் இரண்டு பேரும் என்ன கதைத்தோம் என்று நினைத்துப் பார். சாப்பிட்டீங்களோ, ஓம். மருந்து போட்டீங்களோ, ஓம். அங்கை சினோ கொட்டுதோ, குளிரோ, ஓம். அம்மா இருந்தபோது அவளே எல்லாம் கதைப்பாள், நான் பின்னால் நின்று கையை ஆட்டிவிட்டுப் போவேன். அவள் போன பிறகு எனக்குக் கதைக்கத் தெரியாது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பொம்மைக்கு நிறம் அடிக்கத் தொடங்கிய பிறகு உன்னோடு கதைக்க எனக்குக் கையில் ஒன்று இருந்தது. ஒரு பொம்மையின் கால் சப்பாத்தை மண்ணிறமாக்குவதா கறுப்பாக்குவதா என்று ஒரு மணித்தியாலம் கதைத்தோமே.

எலும்புக்கூடுகளைத் தொடங்கியபோது வெள்ளைப் போத்தல் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன், திறந்தால் உருக்கின நெய்யின் நிறம். வேட்டிக்கு நீலம் போடுவதுபோல ஒரு துளி நீலம் விட்டுக் கலக்கினேன், நல்ல வெள்ளை வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். நீ உடனே, "அப்பா, அந்த நீலம் எப்பிடி வந்தது, என்ன கலந்தனீங்கள், இஞ்சை எல்லாரும் கேக்கினம்" என்று எழுதினாய். நான் பொம்மையைப் பார்க்கிறேன், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ரெலிபோன் கமெரா நீலமாக்கிக் காட்டுகிறது என்று நினைத்துச் சும்மா கலந்தது என்று எழுதிவிட்டேன். போகப்போக வெள்ளை இன்னும் பழுதாகிக்கொண்டு போனது, நானும் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். வரிசையாக வைத்துப் பார்த்தால் பொழுது இருளுவது மாதிரி இருக்குது, உங்கடை அப்பா பெரிய ஆர்ட்டிஸ்ட் என்று உன் சிநேகிதர்கள் சொன்னதாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்தேன், தனிய இருக்கிறவன் தனக்கென்று புட்டு அவிப்பது லேசான காரியம் இல்லை.

பிறகு குள்ளனுக்குக் கண் வைக்கப் போனேன். எத்தனை தரம் முயன்றும் மூக்கிலும் கன்னத்திலும்தான் படுகிறது. மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரிவரும் என்று யாழ்ப்பாணம் போனால் கண்ணாடிக் கடைப் பிள்ளை ரோச் அடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. இரண்டு கண்ணிலும் புரை. டொக்ரர் நல்ல மனிசன், "வெள்ளைச் சாமானெல்லாம் மஞ்சளாத் தெரியுதோ ஐயா" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், எனக்குத் தெரிந்தது பெயின்ற் பழுதானது மட்டும்தானே. முதலில் வலது கண்ணில் செய்வோம், மற்றது பிறகு என்று நாள் தந்தார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபிப்பாய். புது வேலை, லீவு இல்லை என்று நீ சொல்லியிருந்தாய். சொன்னால் ஒன்றில் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய், அல்லது வரமுடியாதென்று எனக்கு விளங்கப்படுத்தவேண்டி வரும். அதைச் சொல்லுகிற கஷ்டம் உனக்கு, கேட்கிற கஷ்டம் எனக்கு. அதனால்தான் ரெலிபோன் சார்ஜ் ஏறுகுதில்லை என்று சொல்லி இரண்டு கிழமை கடத்தினேன்.

ஒப்பரேசன் நாள் காலமை ஒரு பையில் சாரமும் துவாயும் எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தி இருந்தேன். தாதிப் பிள்ளை பெயர் கூப்பிட்டு, "ஐயா, ஆர் உங்களோடை வந்தது, ஆள் இல்லாமல் வீட்டை விடமாட்டம்" என்றது. தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கினம் என்று சொன்னேன். கொஞ்சத்தால் திரும்ப வந்து கேட்டது, இன்னும் வரவில்லை என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது வீட்டுக்குத் திரும்புவோம் என்று பையைத் தூக்கினேன். பக்கத்தில் குருநகர் ஆள் ஒருவர், இன்னாசித்தம்பி என்று பெயர், கடற்தொழில், அவருக்கும் அன்றைக்குத்தான் கண். மனைவி, மகள், மருமகள், சாப்பாட்டுக் கூடை என்று ஒரு படையே கூட வந்திருந்தது. அவர் மனைவி மார்கிரட் எழும்பிவந்து, "இவர் எங்கடை ஆள்தான், நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போறம்" என்று தாதியிடம் சொல்லிவிட்டு என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டா. என் பெயர்கூட அப்போது அவவுக்குத் தெரியாது. பின்னேரம் ஓட்டோவில் என்னை நடுவில் இருத்திக் கொக்குவிலுக்குக் கொண்டுவந்து இறக்கி, கண்ணுக்கு மருந்து விடுவது எப்படி என்று காட்டிவிட்டுத்தான் குருநகருக்குத் திரும்பினார்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு வீட்டைப் பார்த்தேன். கோபிகா, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குசினிச் சுவர் முழுக்கப் புகை, கோப்பைகளின் அடியில் தேத்தண்ணிக் கறை, சாமிப் படங்களுக்கு மேலால் சிலந்திவலை, அம்மாவின் படத்துக்கும்தான். இதற்குள்தான் இவ்வளவு நாளும் துப்புரவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கொடியில் கிடந்த என் வேட்டிகள் எல்லாம் வான நிறம். அவற்றைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்திருக்கிறேன், எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். செல்வநாயகி ரீச்சரிடம் கேட்டேன், "ஓம் அண்ணை, கண்டனாங்கள்தான், உங்கடை விருப்பமாக்கும் எண்டு இருந்திட்டம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தா. பிறகுதான் அலுமாரிக்குக் கிட்டப் போனேன். முதலாவது எலும்புக்கூடு கொஞ்சம் நீலம், அடுத்தது அதைவிட, கடைசியில் நின்றவன் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. என் கண் எப்படி எப்படிக் கெட்டுக்கொண்டு போனதென்று வரிசையாக நிற்கிறது. நீங்கள் எல்லோரும் மெச்சியது என் கைத்திறனை இல்லை, என் கண்ணில் இருந்த புரையை. கதிரையில் இருந்துவிட்டேன். அம்மா இருந்திருந்தால் முதல் நாளே குசினிக்குள் நின்றபடி, உது வெள்ளையில்லை, நீலம், கண்ணைக் காட்டுங்கோ என்று சொல்லியிருப்பாள். வேறு ஒன்றும் வேண்டாம், நான் நீலத்தைப் பார்த்து வெள்ளை என்னும்போது இல்லை என்று சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது, அதைத்தான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டு இருந்தேன்.

எல்லாவற்றையும் திருப்பி அடிப்பதென்று தொடங்கினேன். வெள்ளைப் போத்தலைத் திறந்தால் அது பால் மாதிரி இருக்கிறது, ஒரு பழுதும் இல்லை. ஒருவனுக்கு நல்ல வெள்ளை அடித்துக் காயவிட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் தொங்குகிற எலும்புக்கூடுதான், வேறொன்றுமில்லை. அந்த நேரம் இன்னாசித்தம்பியும் மார்கிரட்டும் கருவாடு கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் அலுமாரியடியில் குந்தி இருந்து கனநேரம் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஐயா, உதுகள் பாவங்கள், விறைச்சுப்போய் நிக்குதுகள், ஒண்டையும் மாத்திப்போடாதேங்கோ" என்றார். மார்கிரட், "உங்களுக்குக் கண் தெரியாட்டிலும் கை தெரிஞ்சிருக்குது" என்றா. அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு பிறஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

இப்போது நான் செய்கிறதைச் சொல்லுகிறேன், சிரிக்காதே. வலது கண்ணை மூடினால் எலும்புக்கூடு வெள்ளை, இடது கண்ணை மூடினால் நீலம். இடது கண் ஒப்பரேசன் கார்த்திகையில். அதற்குப் பிறகு அந்த நீலம் எனக்கு வராது, கலக்கத் தெரியாது, ஏனென்றால் நான் நீலம் கலக்கவில்லை, வெள்ளைதான் கலக்கினேன். படையில் இன்னும் கொஞ்சப் பேர் நிறம் அடிக்காமல் நிற்கிறார்கள். ஆகையால் காலமை வெயில் ஏற முதல் முன் விறாந்தையில் மேசையைப் போட்டு, லேஞ்சியை மடித்து நல்ல கண்ணுக்கு மேலால் கட்டிக்கொண்டு, கூடாத கண்ணால் பார்த்துப் பார்த்து அவர்களை முடிக்கிறேன். நீங்கள் விளையாடும் மேசையில் எல்லோரும் அந்த நீலத்திலேயே நிற்கட்டும். முடிந்ததும் பஞ்சு சுற்றிப் பார்சல் கட்டுவேன், அதற்கு எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. உன் சிநேகிதர்களுக்குக் கண் கதையைச் சொல்லுவதும் விடுவதும் உன் விருப்பம்.

கார்த்திகைக்கு நீ வரவேண்டும் என்று இதை எழுதவில்லை, மார்கிரட் வருவதாகச் சொல்லியிருக்கிறா. ஆனால் இந்தமுறை உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். நல்லூரானும் அம்மாவும் உன்னோடு துணை நிற்பார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது காதை மூடிக்கட்டு, பசியோடு வேலைக்குப் போகாதே. இன்னும் ஒன்று, இனி நான் அடித்து அனுப்புகிற படங்களில் நிறம் ஏதும் வித்தியாசமாகத் தெரிந்தால் வடிவு என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே மகள், என்ன நிறம் என்று சொல்லு.

உன் சுகத்தையே நினைத்திருக்கும்,
அப்பா.