அட்டை எண் 114

முதுநகர், கடலூர்
19-8-2024

அன்புள்ள சடையப்பனுக்கு,

லூர்துசாமி எழுதுகிறேன். முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு என் எழுத்து உனக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ. முகவரியும் சரிதானா தெரியவில்லை. நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் உன் மருமகள் அருள்மொழியைப் பார்த்தவர் சொன்னது. போனில் பேசலாம்தான்; எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.

ஆரோக்கியம்மாள் மார்ச் மாதம் இறந்துவிட்டாள். உனக்குச் சொல்லலாமா என்று யோசித்ததிலேயே ஐந்து மாதம் போய்விட்டது. மகன் சார்லஸ் கனடாவில் இருக்கிறான். வீட்டில் நான் மட்டும். முன்பெல்லாம் காஸை மூடினேனா என்று அவளைக் கேட்பேன். இப்போது மூடியதும் ஒரு தாளில் நேரத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அவள் பீரோவில் நம் சொல் அட்டைகள் இருந்த பெட்டி கிடைத்தது. சிதம்பரத்தில் ஒரே துறையில் வேலை பார்த்தபோது நாம் சேர்த்தது. ஐரோப்பிய மொழிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டு, மொழிக்கு மொழி பொருள் மாறும் சொற்கள்; அவற்றுக்குள் உறவு உண்டா இல்லையா என்ற முடிவோடு. சொல்லுக்கு ஓர் அட்டை. ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொண்டால் மையில், சந்தேகமென்றால் பென்சிலில். பென்சில் அட்டையை இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்காமல் பெட்டியில் போடக் கூடாது. அது நீ போட்ட விதி என்று நினைவு, தவறென்றால் திருத்து.

113 இருக்கிறது. 115 இருக்கிறது. 114 இல்லை. அது ‘தாக்’. உன்னிடம் இருந்தால் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல். அதில் என் கையெழுத்து மையிலா, பென்சிலிலா?

அவசரமில்லை.

அன்புடன்,
லூர்துசாமி

---

சிதம்பரம்
3-9-2024

டேய் லூர்து,

உன் எழுத்தை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு எழுத்தும் அனுமதி கேட்டுக்கொண்டுதானே நிற்கும்.

ஆரோக்கியம் போனது தெரியாதுப்பா. உன் வீட்டில் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “இதுக்கு எந்த மொழியில வேர் தேடறது?” என்று ஒருநாள் கேட்டேன். “கடல்ல தேடுங்கண்ணே, கெடைக்கும்” என்றது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

‘தாக்’கை மறப்பேனா? போலந்துக்காரன் சொன்னால் ஆமாம். டென்மார்க்கில் நன்றி. சுவீடனில் வீட்டுக் கூரை. ஹாலந்தில் மரக்கிளை. நாலு ஊர்க்காரன் ஒரே கலர் சட்டை போட்டுக்கொண்டு ஒரே பஸ்ஸில் ஏறின மாதிரி. நான்தான் நாலு பேரும் அண்ணன் தம்பி என்று கருத்தரங்கில் கட்டுரை வாசித்து, வெளியூர்ப் பேராசிரியரிடம் ஐந்தே நிமிடத்தில் கிழிபட்டேன். அதெல்லாம் பழைய கதை. அட்டை பரணில் எங்கேயோ கிடக்கும். முட்டி வலி, ஏற முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊர்ச் சங்கதி எழுது.

சடையப்பன்

---

முதுநகர்
12-9-2024

அன்புள்ள சடையப்பனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இந்த வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் மின்கட்டணம், வங்கி என்றாகிவிட்டது.

தொந்தரவு செய்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் எனக்கு அது பழைய கதை ஆகவில்லை. அன்று அந்தப் பேராசிரியர், இதைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார். நீ அட்டையைத் தூக்கிக் காட்டி, “லூர்துசாமி மையிலயே கையெழுத்துப் போட்டிருக்காரு” என்றாய். நூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பென்சிலில் போட்டதாகத்தான் எனக்கு நினைவு. நன்றியும் கூரையும் ஒரே வேரில் வந்திருக்க முடியாது என்று பட்டது. ஆனால் நான் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். அட்டை சரியாகத் தெரியவில்லை. நீ பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியென்றால் தவறு என் கையில்தான் என்று உட்கார்ந்திருந்துவிட்டேன். பிறகு கடலூருக்கு வேலை தேடி வந்தேன். இங்கே கல்லூரியில் துறைத் தலைவர் பொறுப்பு வந்தபோதும் வேண்டாம் என்றேன். மையில் போட்டோமா பென்சிலில் போட்டோமா என்றே தெரியாதவன் எதில் கையெழுத்திடுவது?

ஆரோக்கியம் மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. “கறிவேப்பில வாங்கவே மூணு தரம் கேக்கற ஆளு நீங்க. சந்தேகம் இருந்தா பென்சில்லதான் போட்டிருப்பீங்க. போய் அந்த அட்டையப் பாத்துட்டுத்தான் வாங்களேன்” என்பாள். நான் போகவில்லை. உன்னைப் பார்க்கப் பயமா, மையைப் பார்க்கப் பயமா, சொல்லத் தெரியவில்லை. கடைசியாக மருத்துவமனையிலும் கேட்டாள்: “போனீங்களா?”

நீ பரணில் ஏற வேண்டாம். யாரையாவது எடுக்கச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
லூர்துசாமி

---

சிதம்பரம்
21-10-2024

லூர்து,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் கடிதத்தை அருள்மொழிதான் படித்துக் காட்டினாள். “பாவம் மாமா அவுரு. எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, நானே ஏறி எடுத்துத் தரேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டாள். அட்டை பரணில் இல்லை. நான் உட்கார்ந்திருந்த மேசையின் இழுப்பறையில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது.

இத்துடன் வைத்திருக்கிறேன். வெயிலில் சாய்த்துப் பார். மைக்குக் கீழே பென்சில் தெரியும். பென்சில் உன்னுடையது. மை என்னுடையது.

அந்த வெள்ளிக்கிழமை உன் மாமனார் இறந்து நீ நெல்லிக்குப்பம் போயிருந்தாய். திங்களன்று கட்டுரை. உட்கார்ந்து பேச ஆள் இல்லை. இருந்திருந்தாலும், ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்றுதான் சொல்லப்போகிறாய் என்று நானே முடிவு செய்து, உன் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டினேன்.

அரங்கில் நீ எழுந்து மறுப்பாய் என்று பயந்தேன். நீ எழவில்லை. பிறகு, ஏன் எழவில்லை என்று உன்மேலேயே கோபப்பட்டேன். தப்பும் என்னுடையது, கோபமும் என்னுடையது. நீ ஊரைவிட்டுப் போனபோது ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை.

ஆரோக்கியம் இருக்கும்போதே அனுப்பியிருக்கலாம். மன்னிப்பாயா?

சடையப்பன்

---

முதுநகர்
3-11-2024

சடையப்பன்,

அட்டை கிடைத்தது. வெயிலில் பார்த்தேன். என் ‘லூ’வின் சுழி உன் மைக்கு வெளியே ஒரு நூல் தள்ளி நிற்கிறது. பென்சில்.

நேற்று கல்லறைத் திருநாள். தோட்டம் முழுக்கக் கூட்டம். மெழுகுவர்த்தி ஏற்றி, அட்டையை அவள் கல்லின்மேல் வைத்து, “பென்சில்தாம்மா” என்றேன். காது கேட்காதவன் பேச்சு, சத்தமாகவே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

உனக்கு நான்கு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் இரண்டு வரியை மட்டும் இங்கே எழுதுகிறேன். முப்பத்து மூன்று ஆண்டு நான் என்னைச் சந்தேகப்பட்டேன். அவள் ஒருத்திதான் சந்தேகப்படவில்லை. ‘நீ சொன்னதுதான் சரி’ என்று அவளிடம் நான் சொல்ல வேண்டிய நாளை நீ இழுப்பறையில் வைத்திருந்தாய். இது மை.

இன்று காலை காஸை மூடினேன். நேரம் எழுதி வைக்கவில்லை.

114-ஐப் புதிதாக எழுதியிருக்கிறேன். போலந்தின் ‘ஆமாம்’ வந்தது, ‘அப்படி’ என்று சுட்டும் சொல்லிலிருந்து. நன்றி, நினைப்பதிலிருந்து. கூரை, மூடுவதிலிருந்து. கிளைக்கு மட்டும் வேர் உறுதியாகத் தெரியவில்லை. நான்குக்கும் உறவில்லை. நீ சரிபார்க்க வேண்டும்.

இன்னோர் அட்டையும் எழுதினேன். அதற்கு எண் இல்லை. நீ கடைசியில் கேட்டிருந்த கேள்வியை அதில் எழுதி, கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். பென்சிலில். அதைத் தபாலில் அனுப்பமாட்டேன். உன் பேனாவை நான் அறிவேன்.

விதி நீ போட்டது. உனக்கு முட்டி வலி, அதனால் நான் வருகிறேன். வியாழக்கிழமை, காலை பாசஞ்சர்.

லூர்துசாமி