சிவாவின் வால்சக்கர விமானம்

ஒக்டோபர், சனி இரவு

தரையில் ஓடும்போது முன்னால் எதுவும் தெரியாத விமானத்தை ஒருவர் ஏன் இவ்வளவு நேசிக்கிறார்? வாலில் சக்கரம் இருப்பதால் அது மூக்கை உயர்த்தியே நிற்கும். வழி தெரிய இடமும் வலமுமாக வளைத்து வளைத்துத்தான் ஓட்ட வேண்டும். இதயச் சிகிச்சைக்குப் பிறகு என் கணவர் சிவாவுக்குப் பறக்கத் தடை. அதனால் விமானத்தை விற்கிறார். இன்று அதை வாங்க வந்த, இங்கேயே வேலை செய்யும் சென்னை டொக்டரிடம் அதன் குறைகளையே அடுக்கினார்.

"இறங்கேக்க கொஞ்சம் அசந்தாலும் சுழட்டிப்போடும்."

"அதுக்காகத்தான் சார் பிடிச்சிருக்கு."

விமானத் திடலிலிருந்து திரும்பும்போது காரில் சிவாவிடம் கேட்டேன்: "விக்க வந்தனீங்களோ, துரத்த வந்தனீங்களோ?"

"பறக்காமல் நிண்டால் பழுதாப்போகுமப்பா. குடுப்பம்," என்றார்.

ஞாயிறு: டொக்டரிடம் சாவியை நான்தான் போய்க் கொடுத்தேன். விமானம் வடக்கே பறந்தது. நான் லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குத் திரும்பியபோது சிவா பின்வளவில் அண்ணாந்து நின்றார். அது இந்தப் பக்கம் வராது என்பது அவருக்குத் தெரியும். நானும் போய் அருகில் நின்றேன்.