கூடையில் கிடந்த போன்

ஓடைப்பட்டியில் திராட்சைக் கொத்தில் நெருக்கமான பிஞ்சுகளைக் கிள்ளி எடுக்கும் பருவம் மறுபடி வந்துவிட்டது. இன்று பந்தல் கல்தூணில் மாட்டியிருந்த ஒயர்கூடைக்குள் ஒரு போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். "இன்று நீங்கள் இன்னும் அசையவே இல்லை" என்றது. போன பருவத்தில் என் பக்கத்தில் நின்று கிள்ளிய உன் போனும் இப்படித்தான் சொல்லும். இது என் தங்கையின் போன்.

உன்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, பஜ்ஜியைத் தின்று கை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பிள்ள கொஞ்சம் இளைச்சா எடுப்பா இருக்கும்." அன்றே, சாப்பாட்டை அளந்து சொல்லும் அந்தச் செயலியைப் போனில் இறக்கினாய். எனக்கும் விளக்கினாய். "தின்ன கலோரியில, வேலையில எரிஞ்சதக் கழிக்கணும்டி. நிக்கிற மிச்சந்தான் கணக்கு."

கணக்கு சரிதான். ஆனால் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். நீ பொழுதெல்லாம் கைகளைத் தூக்கி, அண்ணாந்தபடி கொத்துக் கொத்தாகக் கிள்ளினாய். போன் கூடையில் கிடந்தது. பார்க்காத உழைப்பை அது எப்படிக் கழிக்கும்? சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கான சோற்றைத்தான் உனக்கு அளந்தது. நீ அதிலும் குறைத்தாய்.

நாமே பதிந்துவிடலாம் என்று பட்டியலில் தேடினோம். ஓட்டம், நீச்சல், நடனம் எல்லாம் இருந்தன. "ஆடுறவளுக்கு இருக்கு, அண்ணாந்து நிக்கிறவளுக்கு இல்ல பாரு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செயலியைச் செய்தவர்கள் திராட்சையைத் தட்டில்தான் பார்த்திருப்பார்கள்.

உன் வளையல் முழங்கைக்கு ஏறியது. தலை சுற்றுகிறது என்றாய், வெயில் என்றார்கள். சாப்பிடச் சொன்னேன். "போன் பொய் சொல்லாதுடி" என்றாய்.

ஒரு நாள் பந்தலடியிலேயே சரிந்தாய். உடம்பில் உப்பு இறங்கி இதயம் நின்றுவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் இன்னும் வெயில் என்றே சொல்கிறது. உன் கூடையை நான்தான் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். டப்பாவில் பாதிச் சோறு இருந்தது.

அதே மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், என் தங்கையைப் பார்க்க. வேண்டாம் என்று கத்தினேன். "நல்ல எடம்னு எல்லாரும் சொன்னாக. கெடுத்துராத ஆத்தா" என்றாள் அம்மா. பஜ்ஜிக்கு வாழைக்காய் சொல்லியாகிவிட்டது. அவர்கள் இன்னும் வந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதற்குள் தங்கை அந்தச் செயலியை இறக்கிவிட்டாள்.

இன்று மதியம் அவள் சோற்று டப்பாவை மூடிக் கூடையில் வைத்தாள். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. "இன்னிக்கு நான் அசையவே இல்லையாம்க்கா" என்றாள்.

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். உன்னுடையது எவ்வளவு கனத்தது என்பது என் கைக்கு மறக்கவில்லை. அதே கனம்.

இதை வீட்டுக்குத் தூக்கிப் போக மாட்டேன். மேஸ்திரி கூப்பிடுகிறார். மூடியைத் திறந்து அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.