இல்லாத பேருந்துக்குக் கிடைத்த பன்னிரண்டு வினாடிகள்

அனுப்புநர்:
மூத்த மின்பணியாளர்,
நகரப் பேருந்துப் பணிமனை.

பெறுநர்:
பொறியாளர் அவர்கள்,
போக்குவரத்து சிக்னல் கட்டுப்பாட்டு அறை.

பொருள்: பணிமனைச் சந்திப்பில் பாதசாரிகளுக்குக் கூடுதல் நேரம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பேருந்துகளில் உள்ள கருவி, சந்திப்பை நெருங்கும்போது சிக்னலுக்குத் தகவல் அனுப்பும். சிக்னலும் பச்சையைப் பன்னிரண்டு வினாடி நீட்டித்துக் கொடுக்கும். அந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை.

2. எங்கள் பணிமனைத் தெருவுக்கு நான்கு மாதமாகப் பச்சை அதிக நேரம் எரிவது ஏன் என்று தங்கள் அலுவலகம் கேட்டிருந்தது. காரணம் நான்தான். சோதனையில் உள்ள கருவியில் வெள்ளை அட்டை கட்டுவோம். கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதை அணைப்பதில்லை. ஜன்னலோர மேசையில் ஒன்றுக்கு அட்டை கட்டிய நான், கட்டியது நான்தான் என்பதையே மறந்துபோனேன். என்னுடன் வேலை செய்யும் மற்ற ஆறு பேரும் தினமும் அதைச் சுற்றித் தூசி துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேருந்து வருகிறது என்று அது ஓயாமல் சொல்ல, வராத பேருந்துக்குத் தங்கள் சிக்னல் இத்தனை நாள் மரியாதை செய்திருக்கிறது. கடந்த திங்களன்று அணைத்துவிட்டேன். பிரதான சாலையில் காத்துக்கிடந்த எங்கள் ஓட்டுநர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நியாயமே.

3. எங்கள் வீடு பணிமனைத் தெருவில்; என் மனைவியின் தையல் கடை பிரதான சாலைக்கு எதிர்ப்புறம் உள்ளது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடைச்சட்டம் பிடித்துத்தான் நடக்கிறார். அவர் கடக்கும்போது நான் நடுச்சாலையில் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்துவேன். அது அவருக்குப் பெரிய கூச்சம். ஆகவே கூடுதல் நேரம் கேட்டுச் சென்ற ஆண்டு தங்களுக்கு அவரே ஒரு மனு எழுதினார்.

4. எங்கள் தெருவுக்குப் பச்சை எரியும்போதுதான் பிரதான சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் பச்சை. எனவே இந்த நான்கு மாதமும் அவர் தனியாகவே கடந்தார். "நான் எழுதினத படிச்சுப் பாத்து செஞ்சுட்டாங்க. நீங்கதான் நம்பல," என்றார். துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் தங்கள் அலுவலகத்தின் பெருமைதான். நானும் மகிழ்ச்சியாகவே இருந்தேன். உண்மை தெரிந்த பின்னும் சொல்ல வாய் வரவில்லை.

5. செவ்வாயன்று அவர் பாதிச் சாலையில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, சிக்னலில் ஏதோ சின்னக் கோளாறு, அவர்களே சரிசெய்துவிடுவார்கள் என்றார். தங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

6. பேருந்து வருவதைச் சொல்லும் கருவியால், ஒருவர் மெதுவாக நடந்து வருவதையும் சொல்ல முடியும். அப்படியொன்றை நடைச்சட்டத்தில் பொருத்த அனுமதியும், அதற்குச் சிக்னல் செவிசாய்க்க உத்தரவும் தருமாறு வேண்டுகிறேன். அவர் கடக்கும்போது மட்டுமே பச்சை நீளும், ஓட்டுநர்களுக்கும் சிரமமில்லை. என் கவனக்குறைவுக்கு உரிய நடவடிக்கையை முழுமனதுடன் ஏற்கிறேன்.

அவருடைய மனுவின் நகலை இணைத்துள்ளேன். தாங்கள் பிறப்பிக்கும் உத்தரவில் என் மனுவைக் குறிப்பிடாமல், அவருடைய மனுவை ஏற்று என்றே எழுதி, அவர் பெயருக்கே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பணிமனை
நாள்: 9ஆம் தேதி, வியாழன்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மூத்த மின்பணியாளர்