முகத்தில் கை வைக்காதவன்

காலையில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. வீடு முழுக்க டர்பன்டைன் நெடி, உன் சட்டையில் எப்போதும் இருக்குமே, அதே நெடி. ஆணியிலிருந்து கழற்றிய என் மனைவியின் படத்தைக் கட்டில்மேல் வைத்திருந்தார்கள். நீ வரைந்த படம். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அதைப் பார்த்தவுடன் உன்மேல் சந்தேகம்தான் வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜ் மாடியில் உன் அறை. செத்துப்போனவர்களின் போட்டோவைக் கொண்டுவந்து பெரிய படமாக வரையச் சொல்லிப் பல்லடம் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். "அம்மாளுக்குக் காசுமாலை போட்டுடுங்க, கன்னத்தைக் கொஞ்சம் நெறப்பிடுங்க" என்பார்கள். "நகை எத்தனை வேணும்னாலும் போடறேனுங்க. மூஞ்சில மட்டும் கை வெக்க மாட்டேனுங்க" என்பாய். அந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இருநூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஸ்பெயின்கார ஓவியன். அவன் பெயர் என் வாயில் கடைசிவரை நுழையவே இல்லை.

மோட்டார் காயில் கட்டும் என் கடையைச் சாத்திவிட்டு உன் அறைக்கு வந்தால் டீயோடு அவன் கதைதான். முலாம் பூசுகிறவனுக்கு மகனாகப் பிறந்து அரண்மனை ஓவியனானவன். ராஜா குடும்பத்தை வரைந்தபோது பட்டையும் பதக்கத்தையும் மின்ன விட்டு, முகங்களை இருந்தபடியே வரைந்தானாம். ராஜா சும்மாவா விட்டார் என்று நம்பாமல் கேட்பேன். "நகை மின்னுதில்லப்பா, அதுல திருப்திப்பட்டிருப்பாங்க" என்று சிரிப்பாய். நடுவயதில் நோய் வந்து அவனுக்குக் காது கேட்காமல் போனது, வயதான காலத்தில் சொந்த வீட்டுச் சுவரிலேயே கறுப்புக் கறுப்பாகப் பேய் பிசாசு வரைந்தது, கடைசியில் பிரான்சில் போய்ச் செத்தது, எல்லாம் உன் வாயால் கேட்டதுதான். ஒரு சீமாட்டியை அவன் வரைந்த கதையும் சொன்னாய். "ரெண்டு பேருக்கும் ஏதோ இருந்துச்சுன்னு ஊரே பேசுச்சு. இன்னிக்கு வரைக்கும் நெசம் யாருக்கும் தெரியாது." அப்போது ரசித்துத்தான் கேட்டேன்.

பிறகு என் மனைவி இறந்தாள். ஆதார் அட்டைப் போட்டோவைத்தான் உன்னிடம் கொடுத்தேன். உதடு இறுகி, கண் மிரண்டு இருப்பாள் அதில். நீ கொண்டுவந்த படத்தில் அவள் சிரித்தாள். ஒரு பக்க உதடு மட்டும் ஏறி, கண் சுருங்கி, யாரோ இப்போதுதான் கேலி பேசிவிட்டுப் போனதுபோல. அத்தனை காலம் கூட வாழ்ந்த நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. எவர் முகத்திலும் கை வைக்காதவன் இவள் முகத்தில் மட்டும் ஏன் வைத்தாய்? வைக்கவில்லை என்றால், எங்கே பார்த்தாய்? நான் கடையில் இருக்கும் நேரம் போத்தனூரில் என் வீட்டுக்கு நீ வந்து போனதும் எனக்குத் தெரியும். கேட்க வாயெடுத்தேன். "நல்லா வந்திருக்காப்பா?" என்று நீ முந்திக்கொண்டாய். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. உன் அறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்ததாக நீ நினைத்திருப்பாய், கேட்கத்தான் வந்தேன். நீ கிடந்த கிடப்பைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

இன்று மகள் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏங் கண்ணு, உங்கம்மா இப்படியெல்லாமா சிரிக்கும்?" என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"எப்பவும் இப்படித்தானுங்கப்பா. பால்காரரு, பக்கத்து ஊட்டு அக்கா, படம் வரையற மாமா, ஆரு வந்தாலும் சிரிக்கும். உங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தான் நிறுத்திப்போடும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டாள். உனக்குப் பரிந்து பொய் சொல்கிறாளோ என்றுகூட நினைத்தேன். எதற்குச் சொல்லப்போகிறாள்? அவளுக்கு இருந்த முகத்தைத்தான் நீ வரைந்திருக்கிறாய். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது இருந்திருந்தால் தேவலை என்று இருக்கிறது.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன். உள்ளே மகள் யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.