காருக்குள் பெய்த பனி

அக்கா,

இன்று விடியற்காலையில் காரைக் கிளப்பியதும் முன்கண்ணாடி பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. பின் சீட்டிலிருந்த கொத்தமல்லியின் ஈர வாசம் மூக்கில் ஏற, பழைய ஞாபகத்தில் "தொடைங்கக்கா" என்று சொல்லியே விட்டேன். பக்கத்தில் வெந்தயக்கீரைக் கட்டுதான் உட்கார்ந்திருந்தது. புரட்டாசியில் நீங்கள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அந்த சீட்டில் ஆள் யாரும் உட்காருவதில்லை.

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டோம் என்பது தவிர நமக்குள் என்ன பொருத்தம் இருந்தது? நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். பாகம் பிரித்தபோது கிணற்றுத் தண்ணீருக்காக முறைத்துக்கொண்டு ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்தோம். அப்புறம் என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனார். கார் வாசலில் தூசி படிந்து நின்றது. மோகனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து நாமக்கல் உழவர் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் நல்ல இடமெல்லாம் பறிபோய்விடும். நம் கீரை மூலையில் கிடந்து வாடும். ஒரு நாள் சாயங்காலம் நீங்களாகவே என் வாசலுக்கு வந்தீர்கள்.

"காரு சும்மாதான நிக்குது அம்முணி? நீ ஓட்டப் பழகு. நாங் கூட வாரேன்."

"எனக்கு நாப்பது வயசாச்சுங்கக்கா."

"காருக்கும் வயசாச்சு. ரெண்டும் மெதுவாப் போங்க."

அப்படித்தான் பழகினேன். மார்கழி வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. மார்கழியில்தான் நம் புத்திசாலித்தனம் வெளியே வந்தது. கீரை வாடக்கூடாது என்று நீங்கள் காருக்குள்ளேயே தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கைப் போட்டு மூடுவீர்கள். காற்றுப் பட்டால் காய்ந்துவிடும் என்று நான் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவேன். அப்புறம் இருவரும், "இந்த வருசம் பனி ஜாஸ்தி" என்று ஊர்ப் பனியைத் திட்டிக்கொண்டே போவோம். நான் வைப்பரைப் போடுவேன். அது வெளியே காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று தேய்க்கும். நீங்கள் உள்ளே பழைய வேட்டித் துண்டால் தோசை வார்ப்பதுபோல் வட்டம் வட்டமாகத் துடைப்பீர்கள். ஒரு வட்டம் தெளிவதற்குள் முந்தைய வட்டம் மூடிக்கொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது. "வண்டிய நிறுத்து அம்முணி. கண்ணாடி தெளியட்டும், அப்பறம் போலாம்" என்றீர்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. "இடம் போயிருமுங்கக்கா, நீங்க சும்மா இருங்க" என்று சிடுசிடுத்தேன். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் என் பக்கத்தைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் கரும்பு டிராக்டரின் பின்புறம் தெரிந்தது. சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் இறங்கி ஒரு வேப்பமரத்தில் போய் முட்டி நின்றது. முன்விளக்கு நொறுங்கியது. உங்கள் நெற்றியில் ஒரு புடைப்பு. கொத்தமல்லி முழுவதும் நம் தலைமேல்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. அதில் எனக்கு இன்னும் அழுகையாக வந்தது.

நாம் வீடு திரும்பும் முன்பே யாரோ வடக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அழைத்தார். "சாவிய அண்ணங்கிட்டக் குடுத்துரு. இனி வண்டியத் தொடாத" என்று ஆரம்பித்தார். கார் போனால் சந்தை போய்விடும், சந்தை போனால் நான் பழையபடி வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில்தான். நீங்கள் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டீர்கள்.

"தம்பி, அவள வைய்யாதீங்க. நாந்தான் தொடைக்கறேன்னு குறுக்க உழுந்து அவ கண்ண மறைச்சுப்போட்டேன். தப்பு என்ரதுங்க."

மூத்த அண்ணியிடம் அவர் என்ன பேச முடியும்? சாவி என்னிடமே இருந்தது.

விளக்கு மாற்றிய மெக்கானிக் பின் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். பனி வெளியிலிருந்து வரவில்லை, நம் ஈரச்சாக்கும் மூச்சும்தான் என்றார். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள், இல்லையென்றால் ஏசி போடுங்கள் என்றார். "குளுருல ஏசியா? ஊரே சிரிக்கும்" என்றீர்கள். மறுநாள் ஏசி போட்டோம். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வர, நீங்கள் தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே, "அட, வேலையத்துப்போச்சே எனக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு கீரைக்குச் சந்தையில் இறக்கித்தான் தண்ணீர் தெளித்தோம்.

ஆனால் பழி உங்கள் பேரிலேயே நின்றுவிட்டது. அவர் லீவில் வரும்போதெல்லாம், "அண்ணி, கண்ணாடிப் பக்கம் கையக் கொண்டுபோவாதீங்க" என்று கேலி செய்வார். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அக்கா. எட்டு வருடம் சிரித்தேன். ஒரு நாள்கூட "அது நான்தான்" என்று சொல்லவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா சாவிய வாங்கிட்டுத்தான் மறுவேலை பாத்திருப்பேன்" என்றார். பிறகு உங்கள் படத்தின் முன்னால் போய் நின்று, "என்னய ஏமாத்திப்போட்டாங்களே எங்கண்ணி" என்று சொல்லிவிட்டு அழுதார்.

நம் பக்கம் ஓரகத்திக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நான் சொல்கிறேன். இன்று என் கையில் இருக்கும் தொழில், சந்தையில் என் பேர், தனியாக வண்டி எடுத்துக்கொண்டு சேலம் வரை போய்வரும் தைரியம், எல்லாமே நீங்கள் அன்று சொன்ன ஒரு பொய்யில் பிழைத்தவை.

உங்கள் மருமகள் அடுத்த வாரத்திலிருந்து என்னிடம் ஓட்டப் பழகுகிறாள். அவசரக்காரி. என்றைக்காவது ஒரு நாள் எதிலாவது கொண்டுபோய் முட்டத்தான் போகிறாள். உங்கள் மகன் என்னைத்தான் முதலில் கேட்பான். என்ன சொல்வதென்று இப்போதே எனக்குத் தெரியும்.